நெளியாத ரிம்

கனகாவுக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் உத்திரமேரூர் சைக்கிள் கடையில், கழனியிலிருந்து நேராக வந்துவிட்ட கணவன் ஜெகனுக்குப் பக்கத்தில் சிரித்த முகமாகவே நின்றாள். அவன் தன்னந்தனியாகக் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகப்போகிறானாம். அகல டயருக்கு ஏற்ற ரிம் வேண்டும்.

"இது லேசா கீது. இதையே போட்டுடு பீட்டரு" என்றான் ஜெகன்.

கனகா அந்த ரிம்மைத் தள்ளி வைத்தாள். "மூட்டைய ஏத்திக்கினு பள்ளத்துல வுட்டா இது நெளிஞ்சுடும். நல்ல கெட்டியா இன்னா கீதுண்ணா?"

கடைக்காரர் பீட்டர் வேறொன்றை எடுத்துக் காட்டினார். "இது ரெண்டு அடுக்கு ரிம்மும்மா. அகலமும் ஜாஸ்தி, டயரு ஆடாது. எந்த ரோட்டுக்கும் தாங்கும்."

"அதுல ரெண்டு ஜோடி குடுங்க."

"நீயும் கூடப் போறியாம்மா?"

"நான் இல்லண்ணா. ராஜகுளத்து சுதா போறா. அவ சைக்கிளுக்கும் சேத்துதான்."

ஜெகன் அவள் கையைப் பிடித்தான். "கனகா... உனக்கு யாரு..."

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

"நடுவழியில ரிம்மு போச்சுன்னா ரெண்டு பேரும் பஸ் ஏறித் திரும்பிடுவாங்கண்ணா. அது ஆவாது. வூடு எங்கப்பன் எனக்கு எழுதி வெச்சது. அதுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டேன்."

"என் துணிமணியெல்லாம்?" என்றான் ஜெகன், ஈனக்குரலில்.

கனகா இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"மூட்ட கட்டி, சுதாவோட மாமியாருகிட்ட வெவரம் சொல்லிக் குடுத்துட்டுதான் வரேன்."