மூன்றாவது மிஷின்

கடைக்குள் விழும் மதிய வெயிலில் தையல் மிஷின்கள் பளபளக்கின்றன. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், பக்கவாதம் வந்த வலது காலை இழுத்தபடி மூன்றாவது மிஷின் முன் உட்காருகிறார். வீட்டில் துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கப் போவது அவர்தான். முந்தைய இரண்டிலும் அந்தக் காலுக்குப் பெடல் அசைந்து கொடுக்கவில்லை. நடுவே பஞ்சு வைத்த இரட்டைத் துணியைச் சுருட்டி, மனைவி ஊசிக்கு வலப்புறமுள்ள இடைவெளியில் நுழைத்துப் பார்க்கிறாள். தாராளமாகப் போகிறது. "இடம் இருக்கு. மிதிங்க." அவர் இடது காலை நகர்த்துகிறார். "அந்தக் கால் வேணாங்க" என்று மனைவி தடுக்கிறாள். வலது காலைக் கையால் தூக்கிப் பெடல் மேல் வைக்கிறார். ஊசி ஒருமுறை இறங்கி நிற்கிறது. பிறகு மூன்று அடுக்கையும் துளைத்துக்கொண்டு கடகடவென்று ஓடுகிறது. "மெதுவா, இது லாரி இல்ல" என்கிறாள். அவர் காலை எடுப்பதாக இல்லை. துணி முடிந்த பிறகும் ஊசி வெறும் தகட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.