ஏழு பத்திரிகையில் ஒரே ஓட்டை

"ஏழு பத்திரிகைங்க டீச்சர்! ஏழுலயும் ஒரு பக்கத்தைக் கத்தரிச்சிருக்கா, உங்க செல்லப் பிள்ளை!"

நூலகத்தைக் கவனிக்கும் குமாரசாமி வாத்தியார் கத்தரித்த தாள்களை மேசையில் போட்டார். ஏழும் ஒரே முகக் கிரீம் விளம்பரம்.

பத்தாம் வகுப்பு பெரியநாயகி தலைகுனிந்து நின்றாள். நூலகத்துக்கு வரும் புதுப் பத்திரிகைகளில் பள்ளி முத்திரை குத்துவது அவள் வேலை.

தமிழாசிரியை வசந்தாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. போன மாதம்தான் வகுப்பில் விளம்பரங்களைப் பிரித்து மேய்ந்திருந்தாள். "ஸ்கூட்டரை ஓட்டறது ஆம்பளை, பின்னால உக்காந்து சிரிக்கறது பொம்பளை. செவப்பா இருந்தாத்தான் கல்யாணம்னு இந்த கிரீம்காரன் சொல்றான். நம்பிராதீங்க, ஒவ்வொரு வார்த்தையையும் கேள்வி கேளுங்க!" என்று முழங்கியிருந்தாள்.

"இவ அப்பனைக் கூட்டியாரச் சொல்லப் போறேன்" என்றார் குமாரசாமி.

பெரியநாயகி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அப்பா ராசிபுரத்தில் பட்டு நெய்பவர். ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்தித் தறியில் உட்காரவைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அது வசந்தாமணிக்கும் தெரியும்.

"நான்தான் சார் கத்தரிக்கச் சொன்னேன். பாடத்துக்கு வேணும்னு..."

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் வசந்தாமணி வெடித்தாள்.

"என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியே புள்ள! அத்தனை சொல்லியும் செவப்பாகணும்னு ஆசை உட்டுப் போகலையா?"

"எனக்கு இல்லீங்க டீச்சர்."

"பின்னே யாருக்கு?"

"சோறுண்டுட்டு, வந்த பத்திரிகையெல்லாம் மொதல்ல நீங்கதானுங்களே புரட்டுவீங்க..."

"அதுக்கு?"

"அன்னைக்கு இந்த வெளம்பரத்தை நீங்க படிச்சுக் காட்டறப்ப எல்லாரும் சிரிச்சாங்க. உங்களுக்கு மட்டும் தொண்டை அடைச்சுப் போச்சுங்க. போர்டு பக்கம் திரும்பிக்கிட்டீங்க."

வசந்தாமணி மேசையில் கிடந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பாடத்துக்கு முந்தின நாள்தான், சேலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த நாலாவது மாப்பிள்ளை வீட்டாரும் பொண்ணு கறுப்பு என்று எழுந்து போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் அது தெரியாதென்றே நினைத்திருந்தாள்.

பெரியநாயகி தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மறுக்கா அது உங்க கண்ணுல பட வேண்டாம்னுதானுங்க டீச்சர் கத்தரிச்சேன்."