மடைவாயில் நின்ற தண்ணீர்

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிந்து, அவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாதபடி செய்யும் சட்டம் வருகிறது என்று பேச்சு கிளம்பியதுமே, கல்லூரியில் தத்துவம் நடத்தும் பஞ்சநதம் தன் குத்தகைக்காரர் உத்திராபதியை வெளியேற்றிவிட்டு, குறுவைச் சாகுபடிக்குத் தானே வயலில் வந்து நின்றார்.

புழுதி உழவு முடிந்திருந்தது. மடையைத் திறந்தார். வாய்க்கால் தண்ணீர் மடைவாய் வரைக்கும் வந்து, கண்ணாடி வைத்து அடைத்ததுபோல நின்றுவிட்டது. வயலோ நல்ல பள்ளம். மண்வெட்டியால் மடையை அகலமாக வெட்டிவிட்டார். அப்போதும் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்து வயல்களிலெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தது.

தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும் என்பது பழக்கத்தில் வந்த நம்பிக்கைதான், நாளைக்கும் பாயும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஒருவர் சொன்னதை, பஞ்சநதம் வருஷக்கணக்காக வகுப்பில் ரசித்து ரசித்து நடத்தியவர். இன்றைக்கு அந்த மனுஷனை நினைத்தாலே எரிச்சல் மண்டியது.

கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உத்திராபதி வரப்பில் நின்று பார்த்தார்.

"என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கே நீ. தண்ணி ஏன் பாயல?"

"நான் தெறந்தா பாயுங்க. அவ்வளவுதான் தெரியும்."

"அதுதான் ஏன்னு கேக்குறேன்."

"ஏன்னு நான் கேட்டதில்லீங்க."

உத்திராபதி குறுக்கு வழியாகப் புழுதி வயலிலேயே இறங்கி நடந்துபோனார். அவர் கால் பதிந்த இடங்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊறியது. எதிர் வரப்பு வரைக்கும் அந்தத் தடங்களில் வரிசையாக வானம் தெரிந்தது.

பஞ்சநதம் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, முதல் தடத்துத் தண்ணீருக்குள் தன் காலை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். பாதத்தில் காய்ந்த புழுதிதான் ஒட்டியிருந்தது. தடத்தில் தண்ணீர் அப்படியே கிடந்தது.