சித்ரமாலாவின் கூந்தல்

"யோவ், கத்தியைக் கீழ போடுய்யா!"

கார் நிற்பதற்குள் குதித்து இறங்கிய தவசி போட்ட சத்தத்தில், கோயில் வேப்பமரத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த நாவிதர் நிஜமாகவே அதைக் கீழே போட்டுவிட்டார்.

தவசிக்குச் செல்லூரில் கூந்தல் தைலக் கம்பெனி. காலையில் உசிலம்பட்டிக் கடைக்காரர் மொக்கைச்சாமி போன் செய்தார். "அண்ணே, நம்ம சித்ரமாலா அம்மா மொட்டை போட குலசாமி கோயிலுக்கு வந்திருக்காங்க!" அவ்வளவுதான். தவசி இட்லி தின்ற கையைக்கூடக் கழுவவில்லை.

சித்ரமாலா ஒரு காலத்தில் கதாநாயகி. பிறகு அக்கா, அண்ணி, அம்மா என்று இறங்கி, கடைசியில் கூப்பிட ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர். அவரைத் தேடிப்பிடித்து டெலிவிஷன் விளம்பரத்தில் நடிக்க வைத்தது தவசிதான்.

வெள்ளிக்கிழமை டெலிவிஷனில் போடும் சினிமாப் பாட்டுக்கு முன்னால், முழங்கால்வரை கூந்தலைத் தொங்கவிட்டு, "எல்லாம் தவசித் தைலம்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மதுரையே சொக்கிப்போனது. படப்பிடிப்பில் தவசியின் மனைவி ஆசையாகப் பூ வைக்கப் போனபோது, பதறி விலகித் தானே வைத்துக்கொண்டார் சித்ரமாலா. முடிமேல் அவருக்கு அம்புட்டு அக்கறை என்று தவசி ஊரெல்லாம் பெருமையடித்தார்.

அடுத்த வாரம் புது விளம்பரம். இந்த நேரத்தில் மொட்டையா?

"வாங்கண்ணே!" பின்னலைக் காற்றில் பறக்காமல் பிடித்தபடி எதிரே வந்தார் சித்ரமாலா.

"அம்மா, உங்க கால்ல வேணாலும் விழுறேன். மொட்டை மட்டும் வேணாம்மா! இந்த முடியை நம்பித்தான் என் கம்பெனியே இருக்கு. வேண்டுதலுன்னா உங்களுக்குப் பதிலா நான் போட்டுக்கிறேன்!"

நாவிதர் தவசியின் தலையைப் பார்த்தார். அங்கே தனக்குப் பெரிய வேலை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

சித்ரமாலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்குன்னு யாருண்ணே சொன்னா? மொட்டை என் அண்ணன் மகனுக்கு. அந்தா, தாய்மாமன் மடியில உக்காந்து அழுகுறான் பாருங்க!"

தவசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒரு கூறுகெட்டவன்மா. ஆமா, நம்ம தைலந்தான தேய்க்கிறீங்க?"

"ரெண்டு வேளையும் அதேதாண்ணே. வேற எதையும் தொடுறதில்லை."

தவசியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை. "இனிமேலும் மொட்டை போட மாட்டேன்னு சாமி முன்னால ஒரு சத்தியம் பண்ணுங்கம்மா."

சித்ரமாலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"படம் கிடைக்கணும்னு அன்னைக்குப் போட்ட மொட்டையிலயே இன்னும் முடி வளரலையேண்ணே!"