சீட்டில் பதிந்த வெள்ளிக்கிழமை

காரின் தோல் சீட்டில் நாளிதழின் மை இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது. க்ளீனரில் நனைத்த வெள்ளைத் துணியால் பரமானந்தம் அதை ஒற்றி எடுத்தார். போன வாரம் ஒருநாள் காலை வாட்ச்மேன் மாசானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்வையில் தெப்பமாக நனைந்து, கார்க் கதவருகே நின்றான். “இருப்பா, சீட்டு புதுசு” என்று மாடியேறிப் போனவர், காலைப் பேப்பரைத் தேடி எடுத்துவந்து விரித்த பிறகுதான் அவனை உட்காரவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு உயிர் இல்லை.

க்ரீம் தடவியதும் சீட்டு மறுபடி புதுசாக மின்னியது. துணியிலோ எழுத்துகள் நேராகத் திரும்பியிருந்தன: வெள்ளிக்கிழமை.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மாசானத்தின் மனைவி கை நீட்டினாள். “குடுங்க சார், அலசித் தாரேன்.”

பரமானந்தம் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“இதுல அழுக்கே இல்லம்மா.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.