கொட்வினுக்கு மூன்று கேள்வி

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும் ஜெனோஜா, நாலு சம்பந்தங்களை முகம் பார்க்காமலே தட்டிக்கழித்தவள். கொட்வினின் பயோடேட்டாவை வாசித்ததும், "இவரை வரச் சொல்லுங்கோ அம்மா" என்றாள். பாரிசில் வளர்ந்து, இப்போது லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் பையன். அம்மா டொலறஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கொட்வின் வந்தான். ரோல்ஸ் தட்டை நீட்டிவிட்டு டொலறஸ் அங்கேயே நின்றுகொண்டாள்.

"உங்களுக்கு இடக்கையோ, வலக்கையோ?" என்று கேட்டாள் ஜெனோஜா.

"இடக்கை."

அவள் முகம் மலர்ந்தது. "முழங்கால் நோ ஏதும்?"

"இல்லை."

"சனிக்கிழமை ஷிப்ட் இருக்கோ?"

"இல்லை, சும்மாதான் இருப்பன்."

"அம்மா, எனக்கு ஓம்!"

"மாதாவே!" டொலறஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப தையிலயே சேர்ச்சில பதிஞ்சிடுவமோ?"

"சேர்ச் ஏனம்மா? யூனிவர்சிட்டி ஜிம்முக்கு வந்தாச் சரி. எங்கட வாள்வீச்சுக் கிளப்புக்குக் கோச் இல்லை, குடுக்கக் காசும் இல்லை. இந்தக் கிழமைக்குள்ள ஆள் பிடிக்காட்டி கிளப்பை மூடிப்போடுவாங்கள். இவர் பத்து வருசம் வாள் வீசினவர், அதிலயும் இடக்கை, எதிராளிக்குச் சமாளிக்கக் கஷ்டம். பயோடேட்டாவில கிடக்கு."

கொட்வின் ரோல்ஸைக் கீழே வைத்தான். "அப்ப நான் பொம்பிளை பார்க்க வரேல்லையோ?"

"சொறி. கோவமோ?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எழும்பி வாள் பிடிக்கிற மாதிரி நில்லுங்கோ பாப்பம்... ஐயோ, முன்னங்காலை மடக்குங்கோ!"

டொலறஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, வாராவாரம் வருவீங்களோ?"

"ஓம் அன்ரி. காலமை ரெண்டு மணித்தியாலம்."

"அப்ப மத்தியானச் சாப்பாடு இஞ்சதான்."