கெண்டையின் உதடு

இந்தப் புழுவையும் தின்றுவிட்டு வெறும் முள்ளைத் திருப்பி அனுப்பியிருந்தது மீன். சவரிராயன் பல்லைக் கடித்தார். அவர் தூண்டிலைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனைவி நேற்றுதான், "நீங்க புடிச்ச கெண்டைன்னா ரெண்டு வாய் சாப்புடுவேன்" என்றாள். விடியலில் ஏரிக்கு வந்தவருக்கு உச்சிவெயில் ஏறியும் ஒன்றும் சிக்கவில்லை.

"என்னண்ணே, மீனுக்கு விருந்து வைக்கவா வந்தீங்க?" பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கைலிக்காரன் சிரித்தான். அவன் வாளியில் ஒரே ஒரு கெண்டை காலையிலிருந்து சளப் சளப்பென்று துள்ளிக்கொண்டிருந்தது.

"சிரிக்காதப்பா. சீக்காளி ஒருத்தி வீட்டுல பட்டினியா காத்துக் கெடக்கா" என்று எரிந்து விழுந்தார் சவரிராயன். கடைசிப் புழுவைக் கோத்து எறிந்து, தூண்டிலைக் கரையில் ஊன்றிவிட்டு, வேறு புழு தோண்டப் போனார்.

திரும்பி வந்தபோது தக்கை முங்கியிருந்தது. இழுத்தார். கெண்டை!

"மாதாவே, கண்ணத் தொறந்தியா!"

முள்ளைக் கழற்றினார். மீனின் உதட்டில் இன்னொரு துளையும் இருந்தது.

"பாத்தீங்களாண்ணே, கை மறக்கல" என்றான் கைலிக்காரன், தன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் வாளியில் சத்தமே இல்லை.